கோராவின் அலாரம்

ராத்திரி ஒரு மணி. மழை விட்டுவிட்டது, இலைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. தீக்கோயிக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறிப்போகிற ஒற்றையடிப் பாதை. அந்த நேரத்தில் அங்கே மனுஷ நடமாட்டம் இருக்காது... இருக்கக் கூடாது. மூன்று மணிக்கு மேல்தான் பால்வெட்டுக்காரர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள்.

அன்றைக்கு ஒரு மணிக்கே ஒரு விளக்கு ஏறிப்போனது.

அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். ஓரத்தில் இருப்பவர்கள் இப்படி நெருங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஓடிவந்து மேலே விழ வேண்டாம். இது நான் கட்டிச் சொல்கிற கதை இல்லை. பாலாயில் என்னோடு ஒரே அச்சகத்தில் வேலை பார்த்த ஜோஸுட்டியின் தாய்மாமனுக்கு நடந்தது. மாமன் பெயர் பைலி. நான் அவரைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கோலத்தில் பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பைலிக்குப் பால்வெட்டுதான் தொழில். அதில் எல்லாமே நேரம். வெயில் ஏறுவதற்குள் பட்டையைச் சீவினால்தான் மரம் பால் விடும். விடிந்த பிறகு போனால் நாலு சொட்டு விட்டுவிட்டு நின்றுவிடும். அதனால் அந்த மலையில் தங்கச் சங்கிலி இல்லாத வீடு உண்டு, அலாரம் இல்லாத வீடு கிடையாது. வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் எல்லாம் ஒரே மாதிரிக் கடிகாரம். கறுப்புப் பெட்டி, சிவப்பு எழுத்து, கரண்டில் ஓடுவது. பைலி வீட்டுக்கும் ஒன்று வந்தது. தம்மாமில் நர்ஸாக இருந்த கொழுந்தியாள் கொண்டுவந்தாள்.

வந்த முதல் நாளே அது பைலியைக் கவிழ்த்தது. மூன்று மணிக்கு எழுப்பச் சொன்னால் காக்கை கத்துகிற நேரத்துக்கு எழுப்பியது.

"சவுதியில வளர்ந்தது இல்ல... நம்ம ஊரு குளிருக்கு அதுக்கும் எந்திரிக்க மனசு வரல போல" என்றாள் அவர் மனைவி ஏலிக்குட்டி.

இரண்டு நாள் மேஸ்திரியிடம் திட்டு வாங்கிய பிறகு பைலி கடிகாரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பின்பக்கம் நகக்கண் அளவுக்கு ஒரு பொத்தான். ஒரு பக்கம் 60, மறு பக்கம் 50. சவுதிக் கரண்டு வேறு, நம் கரண்டு வேறு. குச்சியால் 50 பக்கம் தள்ளினார். அவ்வளவுதான், கடிகாரம் ஒழுங்காக ஓடியது.

அன்றிலிருந்து அந்த மலைக்கே பைலி கடிகார வைத்தியர் ஆகிவிட்டார். வருகிற நோய் மூன்றே மூன்று. மெதுவாக ஓடினால் பின்பக்கத்துப் பொத்தான். பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண்ணடித்துக்கொண்டே இருந்தால், கரண்டு போனபோது நேரம் அழிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு அடியில் சதுர பேட்டரி ஒன்று போட வேண்டும். போட்டுவிட்டால் கரண்டு போனதும் சிவப்பு எழுத்து அணைந்துவிடும், ஆனால் உள்ளே நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். இருட்டிலும் அலாரம் அடிக்கும். மூன்றாவது, ராத்திரியா பகலா என்று காட்டுகிற அந்தச் சின்னப் புள்ளியைப் பார்க்காமல் வைத்துவிடுவது. மத்தியானம் மூன்று மணிக்கு அலாரம் அலறுகிறது என்று பாதிரியார் வீட்டிலிருந்தே ஆள் வந்தது.

இப்போது கோராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து எல்லையில் வெட்டுகிறவன். பனை மாதிரி உயரம், மூக்கு நுனியில் கோபம். இரண்டு பேர் எல்லைக்கும் நடுவே ஒரு வரிசை மரங்கள். அது பைலியின் வரிசை. ஒரு நாள் காலையில் பால் எடுக்கப் போன பைலி பார்க்கிறார், அவர் மரங்களில் புது வெட்டு. கோரா அந்தப் பாலைத் தன் வாளியில் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

"அது என் மரம்டா!"

"மரத்துல உங்க அப்பன் பேரு எழுதியிருக்கா?"

பைலி வாளியை எட்டி உதைத்தார். பால் முழுக்கக் கோராவின் முகத்தில். அவன் துடைக்கக்கூட இல்லை. காலி வாளியை எடுத்து அப்படியே பைலியின் வாயில் அறைந்தான். கீழே விழுந்தவரை விலா எலும்பில் மிதித்தான். மற்றவர்கள் ஓடிவந்து பிரிக்கும்போது பைலியின் வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பல்லும் விழுந்தன. வெள்ளைப் பாலில் சிவப்பு ஓடியது. அதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. கோரா கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு பைலியின் வாசலில் நிற்கிறான். கண்ணடிக்கிறதாம். அந்த மலையில் வேறு யாருக்கும் பார்க்கத் தெரியாதே.

"பல்லுதான போச்சு, கை இருக்குல்ல? பார்த்துக் குடு."

பைலி அதை வாங்கித் திருப்பினார். புது பேட்டரி போட்டார். நேரத்தைச் சரியாக வைத்தார். அப்புறம் அலாரம்... விரல் பொத்தானில் இருக்கிறது. எவ்வளவு கடுப்பு இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். அலாரத்தை ஒரு மணிக்கு வைத்தார்.

சின்னக் குறும்புதான். ஒரு மணிக்கு அலறும், கோரா பதறி எழுவான், சிவப்பு எழுத்தைப் பார்ப்பான், கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் படுப்பான். ஒரு ராத்திரித் தூக்கம் கெடட்டும். அவ்வளவுதான் பைலி நினைத்தது.

"மூணுக்கு வெச்சியா?"

"மூணுக்கு வெச்சுட்டேன்."

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இடி இடித்துக் கரண்டு போனது.

வழக்கம்போல மூன்று மணிக்கு எழுந்து பைலி ஏறினார். எல்லை வரிசையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மறுபடியும் என் மரத்தில் கை வைக்கிறானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு... இருக்கிற பல்லை... வேகமாகப் போனார். வெளிச்சம் அசையவில்லை. பக்கத்தில் போகப் போக ஒரு சத்தம். டக்... டக்... டக்... பால் சொட்டுகிற சத்தம். ஆனால் கனமாக.

கோரா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காதுக்குக் கீழே அவனுடைய வெட்டுக்கத்தியாலேயே சாய்வாக ஒரு வெட்டு, கழுத்தில் பாதிவரை. தலை ஒரு பக்கம் சரிந்து, மரத்தின் வெட்டில் பதிந்திருந்தது. ரத்தம் பால் போகிற வழியிலேயே இறங்கி, தகரத் தூம்பு வழியாக, பால் பிடிக்கக் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் விழுந்துகொண்டிருந்தது. சிரட்டை நிறைந்து வழிந்தது. மேலே பால், கீழே ரத்தம்.

பக்கத்தில் பாதி நிரம்பிய ஒரு சாக்கு. சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலைத் திருட வந்தவர்கள்தான் வெட்டியது என்று ஊரே சொன்னது. அவர்கள் எப்போதும் நடுராத்திரியில் வந்து, வெட்டுக்காரர்கள் ஏறுவதற்குள் இறங்கிவிடுவார்கள். யார் என்று இதுவரை தெரியவில்லை. இறந்து இரண்டு மணி நேரமாவது இருக்கும் என்று போலீஸ் சொன்னது. அது எப்படி என்றுதான் யாருக்கும் புரியவில்லை.

"மூணு மணிக்குத்தான் எந்திரிச்சாரு சேட்டா" என்று அவன் மனைவி சோசம்மா பைலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கரண்டு இல்ல. ஆனா அலாரம் அடிச்சுச்சு. நான்தான் கட்டன்காப்பி போட்டுக் குடுத்து அனுப்புனேன்."

பைலிக்கு அப்போதே விளங்கிவிட்டது. சிவப்பு எழுத்து எரிந்திருந்தால் கோரா பார்த்திருப்பான். எழுத்து அணைந்திருந்தது. அலாரம் மட்டும் அடித்தது. தான் போட்ட புது பேட்டரியில். கோரா வீட்டு முன்னறையில் பெண்கள் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பைலி உள்ளறைக்குப் போய், கடிகாரத்தின் பொத்தானை அழுத்தி, அலாரத்தை மூன்றுக்கு மாற்றினார். இனி யாருக்கும் தெரியாது என்று மூச்சு விட்டார்.

நாற்பத்தொன்றாம் நாள் கழிந்து சோசம்மா வந்தாள். கையில் அந்தக் கறுப்புப் பெட்டி.

"இதுல என்னமோ கோளாறு சேட்டா. மூணுக்குத்தான் வெச்சிருக்கு. தினமும் ஒரு மணிக்கே அடிக்குது. பிள்ளைங்க பயப்படுதுங்க. நீங்க பாருங்க, வேற யாருகிட்டயும் குடுக்க மனசில்ல."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேறு யாராவது வாங்கி, அதைத் திறந்து, எதையாவது கண்டுபிடித்துவிட்டால்? பைலி வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் ராத்திரி ஒரு மணிக்கு அடித்தது. அலாரப் பொத்தானை அணைத்தார். நிற்கவில்லை. மேலே பெரிய பொத்தான் ஒன்று இருக்கும் பாருங்கள், அதை அழுத்தினால் ஒன்பது நிமிஷம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் அடிக்கும். அதை அழுத்தினார். நின்றது. அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்ர்... சர்ர்ர்... பட்டையைச் சீவுகிற சத்தம். தூரத்தில், எல்லை வரிசைப் பக்கம்.

ஒன்பது நிமிஷம். மறுபடியும் அலாரம். அழுத்தினார். சர்ர்ர்... இப்போது பாதைக்கு இந்தப் பக்கம். மறுபடியும் ஒன்பது நிமிஷம். அழுத்தினார். சர்ர்ர்... கிணற்றடி மரம். அடுத்து முற்றத்து மரம். அழுத்த அழுத்த நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அழுத்தாமல் விட்டார். அலாரம் விடிய விடிய அலறியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏலிக்குட்டி குறட்டை விட்டுத் தூங்கினாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அச்சாயா" என்றாள் காலையில். முற்றத்து மரத்தில் புது வெட்டு இருந்தது. பட்டை மட்டுமில்லை, உள்ளே மரம்வரை இறங்கிய வெட்டு. பால் வரவில்லை. கறுப்பாக என்னவோ காய்ந்திருந்தது.

இரண்டாம் ராத்திரி மின்சார வயரைப் பிடுங்கினார். அடியில் இருந்த பேட்டரியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. இனி அது வெறும் டப்பா. ஒரு மணிக்கு அந்த டப்பாவில் சிவப்பு எழுத்து எரிந்தது. அடித்தது.

பைலி அம்மிக் குழவியைத் தூக்கிவந்து போட்டார். ஒரு போடு, இரண்டு போடு... பெட்டி சிதறியது. உள்ளே இருந்த பச்சைத் தகட்டை மிதித்து நொறுக்கினார். உள்ளங்காலில் கண்ணாடி ஏறி ரத்தம் கொட்டியது, நிறுத்தவில்லை. வெறி பிடித்தவர்போல எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டுபோய்ப் கல் உடைத்த குழியான பாறைமடைத் தண்ணீரில் எறிந்தார். தண்ணீருக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு நின்றது.

மூன்றாம் நாள் பைலி நிம்மதியாகச் சாராயம் குடித்தார். காலில் கட்டு, வயிற்றில் சாராயம். கட்டையாகத் தூங்கினார். வீட்டில் அவர் கடிகாரம் ஒன்றுதான் இருக்கிறது. மூன்றுக்கு வைத்த கடிகாரம். அன்று ராத்திரியும் கரண்டு போனது.

பைலியை எழுப்பியது சத்தம் இல்லை. அமைதி. பக்கத்தில் கையை நீட்டினார். படுக்கை குளிர்ந்து கிடந்தது. ஏலிக்குட்டி இல்லை.

அடுப்பங்கரை மேடையில் கட்டன்காப்பி குடித்த டம்ளர், இன்னும் சூடு போகவில்லை. ஆணியில் அவள் நெற்றி விளக்கு இல்லை. அவர் வெட்டுக்கத்தியும் இல்லை. கால் காயத்தோடு மனுஷன் தூங்கட்டும், நாமே போய் எல்லை வரிசையை முடித்துவிட்டு வருவோம் என்று கிளம்பியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவரோடு சேர்ந்து வெட்டுகிறவள்தானே. இருட்டில் அலாரம் அடித்திருக்கிறது. இந்த முறை அவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

அப்போது கரண்டு வந்தது. சுவரோரம் சிவப்பு எழுத்து எரிந்தது.

ஒன்று இருபது.

பைலி ஓடினார். விளக்கு இல்லை, செருப்பு இல்லை. காலில் கட்டு அவிழ்ந்து, ஒவ்வோர் அடிக்கும் ரத்தம் சேற்றில் பதிந்தது. "ஏலீ! ஏலீ!" என்று கத்திக்கொண்டே ஏறினார். மேலே இருந்து பதில் வந்தது. சர்ர்ர்... சர்ர்ர்...

எல்லை வரிசை. அவள் விளக்கு தரையில் கிடந்து மேல்நோக்கி எரிந்துகொண்டிருந்தது. புளித்த ஒட்டுப்பால் நாற்றம். அதோடு ஆடு அறுத்த இடத்து நாற்றம். ஏலிக்குட்டி மரத்தோடு மரமாக நிற்கிறாள். அவள் வாயை ஒரு பெரிய கை பொத்தி அழுத்திக்கொண்டிருக்கிறது. பனை மாதிரி உயரமான ஒரு முதுகு. அவள் தலைக்குமேல் பட்டையைச் சீவுகிறது. சீவல்கள் அவள் முடியில் விழுகின்றன. பால் அவள் கன்னத்தில் வழிகிறது. ஒவ்வொரு சீவலுக்கும் கத்தி கொஞ்சம் கீழே இறங்குகிறது... நெற்றிக்கு... காதுக்கு...

பைலி ஒரு கல்லை எடுத்து முழு பலத்தோடு அந்த முதுகில் அடித்தார். பச்சை மரத்தில் அடித்த சத்தம்தான் கேட்டது. மறுபடி அடித்தார். கல்லில் பால் ஒட்டிக்கொண்டு வந்தது. கத்தி நிற்கவில்லை. அவள் காதுக்குக் கீழே சாய்வாக, அளவு பார்ப்பதுபோல வந்து நின்றது.

"கோரா! அவள விடு!" பைலிக்குத் தொண்டை கிழிந்தது. "அவ ஒண்ணும் பண்ணல! அலாரத்த ஒரு மணிக்கு வெச்சது நான்! நான்தான்டா!"

கை விலகியது. ஏலிக்குட்டி சரிந்து உட்கார்ந்தாள். அந்த உருவம் மெதுவாகத் திரும்பியது. முதலில் உடம்பு திரும்பியது. தலை அப்புறம்தான் வந்தது, பாதி அறுந்த தலை. நெற்றியில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பைலிக்கு வேறு எதுவும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. கோபம்கூட இல்லாத குரல்.

"மூணுக்கு வெச்சுட்டேன்னு சொன்னியே..."

பிறகு கழுத்தில் சில்லென்று ஒரு கோடு.

ஏலிக்குட்டிதான் அவரை முதுகில் போட்டு இறக்கிக்கொண்டு வந்தாள். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் மேலே அவர் கத்தியதை முழுக்கக் கேட்டிருந்தாள். அதைப் பற்றி அவள் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காதுக்குக் கீழே சாய்வாக, இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. "வெட்டுனவனுக்கு நல்ல கைப்பழக்கம்" என்றாராம் டாக்டர். "தோலை மட்டும் சீவியிருக்கான். நரம்பத் தொடல." நல்ல வெட்டுக்காரன் அப்படித்தான். பட்டையைச் சீவுவான், மரத்தைத் தொடமாட்டான்.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த நாள் ராத்திரி ஒரு மணிக்குப் புதிதாக ரத்தம் வந்தது. தையல் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, ஒரு நூல் அளவு கீழே, இன்னொரு வெட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். ரப்பர் மரத்துக்கும் அதுதானே கணக்கு, இடையில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால்தான் அடுத்த நாள் பால் நன்றாக இறங்கும். மழைக்காலத்தில் வெட்டு நிற்கும். அப்போது காயம் ஆறும். மழை விட்டதும் மறுபடியும் ஆரம்பிக்கும்.

ஜோஸுட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போனது அடுத்த வருஷம், மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு. வீட்டில் கடிகாரமே இல்லை. பைலி கட்டிலில் கிடந்தார். கழுத்தைச் சுற்றித் துணி. துணியை விலக்கிக் காட்டினார்கள். காதிலிருந்து கீழேவரை உரித்த பட்டைபோல வழவழவென்று... சீவிக்கொண்டே வந்து, குரல்வளைக்கு ஒரு விரல் மேலே நின்றிருந்தது.

கட்டிலுக்கு அடியில் ஒரு சிரட்டை இருக்கும் என்று ஜோஸுட்டி வழியிலேயே சொல்லியிருந்தான். யாரும் வைப்பதில்லை. தூக்கி எறிந்தாலும் வந்துவிடுமாம். வெட்டு இல்லாத நாளில் கவிழ்ந்து கிடக்கும். வெட்டு நாளில் நிமிர்ந்து இருக்கும். முந்தின ராத்திரிதான் வெட்டு நடந்திருந்தது. அதனால் அன்றைக்கு ஓய்வு நாள். அந்தத் தைரியத்தில்தான் நாங்களே போயிருந்தோம்.

இருட்ட ஆரம்பித்ததும் கிளம்பினோம். பைலி கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஏலீ... சிரட்டை எப்படி இருக்கு?"

ஏலிக்குட்டி விளக்கைத் தாழ்த்திக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் போர்வையை இழுத்துவிட்டாள்.

"கவுந்துதான் கெடக்கு அச்சாயா. தூங்குங்க."

நான் செருப்பை மாட்டக் குனிந்தேன். சிரட்டை நிமிர்ந்திருந்தது.